விக்கிற வழி இருக்கான்னு பார்த்துட்டு வாங்கு, கண்ணு

சம்பளம் வந்த கையோட போன்ல டீமேட் ஆப்பைத் திறக்கிற பிள்ளைங்க எங்க தெருவுலயே நாலஞ்சு பேர் இருக்காங்க. எல்லாருக்கும் நான் அக்கா. ஜூலை மாசம் ஆடிட்டர் ஆபீஸ்ல உட்கார்ந்து அவங்க டிரேடிங் ஸ்டேட்மென்ட்டைக் கூட்டிக் கழிக்கிறதும் நான்தான். யார் எதுல எவ்வளவு விட்டாங்கங்கிறது அவங்க வீட்டுக்குத் தெரியிறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிடும். வெளியே சொல்ல மாட்டேன்ங்கிறது வேற விஷயம்.

அந்தக் காகிதங்கள்ல வருஷா வருஷம் தலைகாட்டுற ஒரு வகை இருக்கு. கடன்ல முழுகி, பேங்க் கேஸ் போட்டு, பேப்பர்ல பேர் அடிபட்ட கம்பெனியோட ஷேர். கேட்டா ஒரே பதில்: "அஞ்சு ரூபாய்தானேக்கா, ரெண்டு நாள்ல ஆறு ஆயிடும், வித்துட்டு வெளியே வந்துடுவேன்." ஆறு ஆகுமா ஆகாதாங்கிறதுல எனக்குச் சண்டையே இல்ல. ஆனாலும் ஆகும். வித்துட்டு வந்துடுவேன்னு சொல்றே பாரு, அதுலதான் எனக்குப் பயம். அந்த வெளியே வர்ற வாசல் உன் கையில இல்ல. அதைப் பத்தி மட்டும்தான் இன்னைக்கு.

விலையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடறேன். 700 ரூபாய்ல இருந்து 70-க்கு வந்த ஷேரைக் காட்டி, "90 சதவீதம் விழுந்தாச்சு, இனிமே எங்கக்கா விழப்போகுது"ன்னு கேப்பாங்க. 70-ல வாங்கினவளுக்கு அங்கிருந்து பூஜ்யம் வரைக்கும் முழுசா 100 சதவீதம் பாக்கி இருக்கு கண்ணு. பழைய உச்ச விலைக்கும் நீ போடுற பணத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

"ஸ்டாப் லாஸ் போட்டிருக்கேனே"

பெரும்பாலான ஷேருக்கு, ஒரு நாள்ல இவ்வளவுதான் ஏறலாம் இறங்கலாம்னு எக்ஸ்சேஞ்ச் வரம்பு வெச்சிருக்கு. 2, 5, 10, 20 சதவீதம்னு அது மாறும். நொடிஞ்ச கம்பெனின்னா பெரும்பாலும் 5 சதவீதம், சிலதுக்கு அதுக்கும் கீழே. மேல் வரம்பைத் தொட்டா அப்பர் சர்க்யூட், கீழ் வரம்பைத் தொட்டா லோயர் சர்க்யூட்.

லோயர் சர்க்யூட் எப்படி இருக்கும்னு பார்க்காதவங்களுக்கு அது புரியாது. பக்கத்து வீட்டுத் தம்பி ஒருத்தன் போன்ல எனக்குக் காட்டினான். காலையில 9.15 தாண்டி ரெண்டு நிமிஷம். மார்க்கெட் டெப்த்னு ஒரு கட்டம் இருக்கும், அதைத் திறந்து வெச்சிருக்கான். இடது பக்கம் வாங்குறவங்களுக்கு அஞ்சு வரிசை, அஞ்சுலயும் 0. வலது பக்கம் ஒரே ஒரு விலை, அன்னைக்கு இருக்கிறதுலயே கீழ் விலை. அதுக்கு நேரா விக்க நிக்கிற ஷேர் எண்ணிக்கை, ஏழு இலக்கம். அவனோட 600 ஷேர் அந்த ஏழு இலக்கத்துக்குக் கடைசியில எங்கேயோ நிக்குது. சாயங்காலம் 3.30 வரைக்கும் அந்த 0 மாறவே இல்ல. விக்காத ஆர்டர் தானா கேன்சல் ஆச்சு. மறுநாள் காலையில அதே கட்டம், இன்னும் 5 சதவீதம் கீழே.

ஸ்டாப் லாஸ் இருந்தா என்ன செய்யும்? நீ சொன்ன விலை வந்ததும் அது விக்கிற ஆர்டரா மாறும், அவ்வளவுதான். வாங்க ஆள் இல்லாத இடத்துல அதுவும் வரிசையில போய் நிக்கும். 10 ரூபாய்க்கு வாங்கின ஷேர் தொடர்ந்து பத்து நாள் 5 சதவீதம் லோயர் சர்க்யூட் அடிச்சா சுமார் ஆறு ரூபாய்க்கு வந்துடும். பத்துல நாலு பங்கு பணம் போயாச்சு, இடையில ஒரு ஷேர்கூட விக்க முடிஞ்சிருக்காது. ஒன்பதரைக்கு ஸ்டாப் லாஸ் போட்டிருந்தவளுக்கும் கதி அதேதான்.

இதையே திருப்பிப் பாரு. தினம் அப்பர் சர்க்யூட்ல இருக்கிற ஷேர்ல விக்க ஆள் இருக்காது, நீ ஆர்டர் போட்டா கிடைக்காது. ஒரு வாரமா கிடைக்காம இருந்தது ஒருநாள் கேட்ட அளவுக்குக் கேட்டவுடனே கிடைச்சா, பெரிய கை ஒண்ணு இறக்கி வைக்குதுன்னு அர்த்தம். கிடைச்ச சந்தோஷத்துல இது யாருக்கும் தோணுறதில்ல.

இன்னொரு தடையும் உண்டு. இந்த மாதிரி ஷேர்களை எக்ஸ்சேஞ்ச் டிரேட் டு டிரேட் பிரிவுக்குத் தள்ளிடும். என்எஸ்இ-ல பேருக்குப் பக்கத்துல பிஇ, பிஇசட்னு போட்டிருக்கும். அங்க காலையில வாங்கி மதியம் விக்கிற வேலை நடக்காது. டெலிவரி எடுத்து, ஷேர் உன் கணக்குக்கு வந்த பிறகுதான் விக்கலாம். ஏஎஸ்எம், ஜிஎஸ்எம்னு கண்காணிப்புப் பட்டியல்கள் தனியா இருக்கு. அதுல கடுமையான கட்டத்துக்குப் போன ஷேர் வாரத்துக்கு ஒரு நாள்தான் டிரேட் ஆகும், வாங்குறவங்க கூடுதல் டெபாசிட்டும் கட்டணும். நீ வாங்குற பட்டனை அமுக்கினதும் ஆப் ஒரு எச்சரிக்கை காட்டும். அதைப் படிக்காம ஓகே அமுக்கிட்டு, அப்புறம் என்கிட்ட வந்து "விக்க முடியலக்கா"ன்னு சொன்னா நான் என்ன செய்ய?

எங்க ஊர் பேங்க்

நான் கரூர்க்காரி. 1926-ல எங்க ஊர் வியாபாரிங்க சேர்ந்து ஆரம்பிச்ச லட்சுமி விலாஸ் பேங்க்கைப் பத்தி நான் சொல்லாம யார் சொல்றது.

2019 செப்டம்பர்ல ரிசர்வ் பேங்க் அதைக் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல வெச்சது. அடுத்த மாசமே, இந்தியாபுல்ஸ் ஹவுசிங்கோட இணையுற திட்டத்துக்கு அனுமதி இல்லன்னுடுச்சு. 2020-ல க்ளிக்ஸ் கேபிடல்னு இன்னொரு கம்பெனியோட பேச்சு நடந்தது. அந்த செப்டம்பர் 25-ஆம் தேதி நடந்த பொதுக்குழுவில, நிர்வாக இயக்குநரையும் சேர்த்து ஏழு இயக்குநர்களை ஷேர்ஹோல்டருங்களே ஓட்டுப் போட்டு வெளியே அனுப்பினாங்க. வருதாம், போகுதாம், வாங்குறாங்களாம்னு ஓயாம செய்தி. ரெண்டு நாள் டிரேடிங் பண்றவங்களுக்கு இதைவிடத் தீனி வேணுமா?

2020 நவம்பர் 17, செவ்வாய்க்கிழமை. தீபாவளி முடிஞ்சு மூணாவது நாள். அன்னைக்குச் சந்தை மூடும்போது ஷேர் விலை பதினஞ்சு ரூபாய்க்கு மேல. சாயங்காலம் ஆறு மணிக்கு மத்திய அரசோட உத்தரவு அமலுக்கு வந்தது: டெபாசிட்காரங்க 25,000 ரூபாய்க்கு மேல எடுக்க முடியாது. அதே சாயங்காலம் ரிசர்வ் பேங்க் ஒரு வரைவுத் திட்டம் வெளியிட்டுச்சு. சிங்கப்பூர் டிபிஎஸ் பேங்க்கோட இந்தியத் துணை நிறுவனத்தோட இணைக்கப் போறோம், ஷேர் மூலதனம் மொத்தமும் ரத்துன்னு அதுல இருந்தது. நவம்பர் 27 வெள்ளிக்கிழமை இணைப்பு முடிஞ்சாச்சு. பத்து நாள். டிபிஎஸ் 2,500 கோடி ரூபாய் முதல் போட்டது, டெபாசிட்காரங்களுக்கு ஒரு பைசா நஷ்டமில்ல. ஷேர்ஹோல்டருக்குப் பதிலுக்கு ஒரு ஷேர்கூடக் கிடைக்கல.

இதுல என்னால இன்னைக்கு வரைக்கும் நம்ப முடியாத ஒண்ணு உண்டு. ஷேருக்குப் பூஜ்யம்னு ரிசர்வ் பேங்க் எழுத்துலயே போட்ட பிறகும் அடுத்த சில நாள் அந்த ஷேர் சந்தையில கைமாறிச்சு. சர்க்யூட் மேல சர்க்யூட்டா இறங்கி ஏழெட்டு ரூபாய்க்கு வந்தப்பவும் வாங்க ஆள் இருந்தாங்க. வரைவுதானே, மாத்திடுவாங்கன்னு ஒரு நம்பிக்கை. இல்லேன்னா அந்தப் பக்கத்தை அவங்க படிக்கவே இல்ல. ரெண்டுல எதுவா இருந்தாலும் பணம் திரும்பல.

செய்தி வந்தது சந்தை மூடின பிறகுங்கிறதைக் கவனிச்சியா? இந்த மாதிரி உத்தரவு பெரும்பாலும் அப்படித்தான் வரும். சார்ட்டுல கோடு போட்டு சப்போர்ட், ரெசிஸ்டன்ஸ் பார்க்கிறவளுக்கு சாயங்காலம் ஆறு மணி உத்தரவு எந்தக் கோட்டுலயும் தெரியாது.

ரெண்டு நாளைக்குன்னு வாங்கி மூணு வருஷம்

யெஸ் பேங்க் கதை இன்னும் விசித்திரம். அது பிழைச்சது. பிழைச்ச கம்பெனியிலயும் குறுகிய காலக்காரங்க எப்படி மாட்டினாங்கன்னு பாரு.

2020 மார்ச் 5 ராத்திரி, பணம் எடுக்கக் கட்டுப்பாடு வந்தது. அந்த ஷேர் எஃப் அண்ட் ஓ-ங்கிற முன்பேரப் பட்டியல்ல இருந்ததால அதுக்கு நிலையான சர்க்யூட் கிடையாது. மறுநாள் ஒரே நாள்ல 36 ரூபாய்ல இருந்து ஐந்தரை ரூபாய் வரைக்கும் போயிட்டு, 16 ரூபாய்ல மூடிச்சு. ஐந்தரை எங்க, பதினாறு எங்க! அன்னைக்கே உள்ளே போய் அன்னைக்கே வெளியே வந்த சில பேர் மூணு மடங்கு பார்த்திருப்பாங்க. அந்தச் சில பேரோட ஸ்க்ரீன்ஷாட்தான் இன்னமும் சுத்திட்டிருக்கு.

வெளியே வராம, "திங்கக்கிழமை இன்னும் ஏறும்"னு வெச்சிருந்தவங்களுக்கு மார்ச் 13-ல அரசாணை வந்தது. 100 ஷேர், அதுக்கு மேல வெச்சிருக்கிறவங்க எல்லாரோட ஷேர்லயும் 75 சதவீதம் மூணு வருஷத்துக்குப் பூட்டு. 1,000 ஷேர் வெச்சிருந்தா 250-தான் விக்கலாம். அதுக்கப்புறம் ஒரே வாரத்துல விலை 80 ரூபாயைத் தாண்டிச்சு. 16-க்கு வாங்கினவளோட கணக்குல 750 ஷேர் இருக்கு, விலை அஞ்சு மடங்கு, விக்க முடியாது. ஜூலைல பேங்க் தானே வெளியிட்ட புது ஷேரோட விலை 12 ரூபாய். 2023 மார்ச்ல பூட்டு திறந்தப்ப சந்தை விலை சுமார் 15. ரெண்டு நாள் டிரேடிங் மூணு வருஷ முதலீடா மாறி, வட்டிகூடத் தேறல. அந்த பேங்க்கோட ஏடி-1-ங்கிற வகைப் பாண்டு வாங்கினவங்க நிலைமை இன்னும் மோசம்: 8,415 கோடி ரூபாய் பாண்டை அப்படியே ரத்து பண்ணிட்டாங்க. அதை எதிர்த்துப் போன வழக்கு தனிக் கதை.

கடைசிப் பந்தி

பேங்க் இல்லாத மத்த கம்பெனி நொடிஞ்சா 2016-ஆம் வருஷத் திவால் சட்டப்படி என்சிஎல்டி-ங்கிற தீர்ப்பாயத்துக்குப் போகும். அங்க கலைப்புன்னு வந்தா யாருக்கு முதல்ல பணம்னு சட்டத்தோட 53-ஆவது பிரிவு வரிசை போட்டிருக்கு. முதல்ல திவால் நடவடிக்கைக்கும் கலைப்புக்கும் ஆன செலவு. அப்புறம் அடமானம் வெச்சுக் கடன் கொடுத்த பேங்க்கும், தொழிலாளிகளோட ரெண்டு வருஷச் சம்பளப் பாக்கியும். பிறகு மத்த ஊழியர் சம்பளம், அடமானம் இல்லாத கடன், அரசாங்க வரிப் பாக்கி, மத்த கடன், முன்னுரிமை ஷேர். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு கடைசிப் பந்தியில உட்கார்றது சாதாரண ஷேர்ஹோல்டர், அதாவது நீ. முதல் பந்திக்கே சோறு பத்தாமத்தான் விஷயம் கோர்ட்டுக்கு வந்திருக்கு.

இதைத் தெரிஞ்சுக்காம, "கம்பெனியை இன்னார் வாங்குறார்"ங்கிற செய்திக்கு ஷேர் வாங்குறாங்க. கம்பெனியை வாங்குறது வேற, உன் ஷேரை வாங்குறது வேற. டிஎச்எஃப்எல்-ல அதுதான் நடந்தது. 2018 செப்டம்பர் 21 அன்னைக்கு ஒரே நாள்ல 42 சதவீதம் விழுந்த வீட்டுக்கடன் கம்பெனி அது. அடுத்த வருஷம் நவம்பர்ல ரிசர்வ் பேங்க் அதோட இயக்குநர் குழுவைக் கலைச்சது. 2021 ஜூன் 7-ஆம் தேதி பிரமல் குழுமத்தோட திட்டத்துக்கு என்சிஎல்டி அனுமதி கொடுத்தது. 34,000 கோடி ரூபாய்க்கு மேலான திட்டம். பெரிய கம்பெனி, பெரிய தொகை, செய்தி வந்த மறுநாள் ஷேர் ஏறுச்சு. திட்டத்துக்குள்ள இருந்தது என்ன? பழைய ஷேரோட மதிப்பு பூஜ்யம். ஜூன் 14-ல டிரேடிங் நிறுத்தியாச்சு. அந்த ஒரு வாரத்துல வாங்கினவங்களோட பணம் எங்கேயும் இல்ல. 2024 பிப்ரவரியில ரிலையன்ஸ் கேபிடலுக்கு இந்துஜா குழுமத்தோட திட்டம் அனுமதி ஆனப்பவும் ஷேர்ஹோல்டருக்கு ஒண்ணும் இல்லங்கிறதுதான் முடிவு.

ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ல கடைசி விமானத்தை ஓட்டிச்சு. ஜூன் 20-ல என்சிஎல்டி திவால் மனுவை ஏத்துக்கிட்ட அன்னைக்கே ஷேர் ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆச்சு. விமானமே பறக்கல, விலை மட்டும் பறந்துச்சு. ஷார்ட் போட்டு மாட்டினவங்க அவசர அவசரமா வாங்கி மூடினதுதான் காரணம்னு சந்தைக்காரங்க சொன்னாங்க. அதாவது அந்த ஏத்தத்துக்கும் கம்பெனியோட உடல்நிலைக்கும் சம்பந்தம் இல்ல. அப்புறம் அஞ்சு வருஷம், வாங்க ஆள் வந்தாச்சு, மறுபடி பறக்கப் போகுதுன்னு செய்தி வர்றப்பெல்லாம் ஷேர் ஆடிட்டே இருந்தது. 2024 நவம்பர் 7-ல கம்பெனியைக் கலைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு கொடுத்தப்ப விலை சுமார் 34 ரூபாய். அதோட டிரேடிங்கும் நின்னுபோச்சு.

"ருச்சி சோயா மட்டும்?"

இதைக் கேக்காத பிள்ளை இல்ல. 2020 ஜனவரி 27-ல 17 ரூபாய்க்கு மறுபடி சந்தைக்கு வந்த ஷேர் ஜூன் கடைசியில 1,500 ரூபாய். உண்மைதான். அதுக்கு முன்னாடி நடந்ததை யாரும் ஸ்க்ரீன்ஷாட் எடுக்கல. பதஞ்சலி குழுமம் கம்பெனியை எடுத்தப்ப பழைய ஷேர் 100-ஐ 1-ஆ சுருக்கினாங்க. 3 ரூபாய்க்கு 1,000 ஷேர் வாங்கி வெச்சிருந்தவளோட 3,000 ரூபாய், மறுபடி திறந்த அன்னைக்கு 10 ஷேர், 170 ரூபாய். அதுக்கப்புறம் தினம் அப்பர் சர்க்யூட். கம்பெனியில 99 சதவீதம் பதஞ்சலி பக்கம். வெளியே டிரேட் ஆனது ஒரு சதவீதம்கூட இல்ல. விக்கவே ஆள் இல்லாத இடத்துல ஏறின விலை அது. உனக்கு எங்க கிடைச்சிருக்கப் போகுது?

நியாயமா ஒண்ணு சொல்லணும்னா சத்யம்ங்கிற ஐடி கம்பெனியைச் சொல்லலாம். 2009 ஜனவரி 7-ல கணக்குல மோசடின்னு தலைவரே கடிதம் எழுதி, ஷேர் ஒரே நாள்ல முக்கால்வாசிக்கு மேல விழுந்தது. சில நாள்லயே அரசாங்கம் புது இயக்குநர்களைப் போட்டுச்சு. ஏப்ரல்ல டெக் மஹிந்திரா 58 ரூபாய் விலைக்குப் பங்கு எடுத்தது. அடிமட்டத்துல வாங்கினவங்க சம்பாதிச்சாங்க. என்ன வித்தியாசம்? அங்க முக்கியமா பொய்யா இருந்தது கையிருப்புக் கணக்கு. வாடிக்கையாளர், வேலை செய்யற பிள்ளைங்க, வேலை எல்லாம் பெரும்பாலும் நிஜம், மலை மாதிரி பேங்க் கடனும் இல்ல. கடன் இல்லாத கம்பெனி அவமானப்பட்டா எழுந்திருக்க வழி இருக்கு. கடன்காரன் வாசல்ல நிக்கிற கம்பெனி எழுந்தா, முதல் ரூபாய் அந்தக் கடன்காரனுக்குத்தான்.

வாங்குறதுக்கு முன்னாடி அரை மணி நேரம்

என்எஸ்இ, பிஎஸ்இ தளத்துல கம்பெனி பேரைப் போட்டா அறிவிப்புகள் வரிசையா வரும். பணம் கட்ட வேண்டியதில்ல, பாஸ்வேர்டு வேண்டியதில்ல. பேங்க் கடன் தவணை தவறி 30 நாள் தாண்டினா, 24 மணி நேரத்துக்குள்ள சொல்லியாகணும்னு சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2020 ஜனவரியில இருந்து விதி வெச்சிருக்கு. அந்த அறிவிப்பு இருந்தா அதோட நிறுத்திக்கோ. கடன் தரத்துல டி குறியீடு வந்திருந்தா கட்ட வேண்டியதைக் கட்டலன்னு அர்த்தம், இறக்கி மதிப்பிட்டாங்கங்கிற மழுப்பல் எல்லாம் இல்ல. ஆடிட்டர் வருஷ நடுவுல ராஜினாமா பண்ணியிருந்தா, "சொந்தக் காரணம்"னு போட்டிருப்பாங்க. இத்தனை வருஷம் ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கேன், அப்படிச் சொந்தக் காரணத்துக்கு யாரும் நல்ல கம்பெனியை விட்டுப் போய் நான் பார்த்ததில்ல.

ஷேர்ஹோல்டிங் பேட்டர்ன்னு மூணு மாசத்துக்கு ஒருதடவை ஒரு பட்டியல் போடுவாங்க. அதுல புரமோட்டர் தன்னோட ஷேர்ல எத்தனை சதவீதம் அடமானம் வெச்சிருக்கார்னு ஒரு கட்டம் இருக்கும். பாதிக்கு மேல அடமானத்துல இருந்தா, விலை விழும்போது கடன் கொடுத்தவங்க அந்த ஷேரைச் சந்தையில கொட்டுவாங்க, விலை இன்னும் விழும். அதே பட்டியல்ல மியூச்சுவல் ஃபண்டும் எல்ஐசியும் காலாண்டுக்குக் காலாண்டு குறைஞ்சிட்டே போய், சின்ன முதலீட்டாளர் எண்ணிக்கை மட்டும் ஏறுதான்னு பாரு. ஏறினா, அவங்க இறக்கி வெச்சதை யார் தலையில வாங்கிக்கிறாங்கன்னு புரியும். என்சிஎல்டி போன கம்பெனின்னா தீர்வுத் திட்டத்துல பழைய ஷேருக்கு என்ன போட்டிருக்குன்னு தேடு. "ஷேர் மூலதனம் குறைப்பு", "ரத்து", "டீலிஸ்டிங்" இந்த மூணுல ஒண்ணு கண்ணுல பட்டா போதும்.

டெலிகிராம் குரூப் டிப்ஸ் பத்தி நீளமா சொல்ல விருப்பமில்ல. சொல்றவருக்கு செபி பதிவு எண் இருக்கணும். ஆராய்ச்சியாளர்னா ஐஎன்ஹெச், ஆலோசகர்னா ஐஎன்ஏன்னு ஆரம்பிக்கும். செபி தளத்துல அந்த எண்ணையும் பேரையும் ஒத்துப் பாரு. பதிவு இருக்கிறவர் சொன்னாலும் நஷ்டம் வரலாம், ஆனா பதிவே இல்லாதவர் சொல்றதைக் கேக்க ஒரு காரணமும் இல்ல. அஞ்சு ரூபாய் ஷேரை ஏத்தி விடுறதுக்குப் பெரிய பணம் தேவையில்லங்கிறதாலதான் அவங்களுக்கு இந்த மாதிரி கம்பெனி பிடிக்குது. இன்னொரு விஷயம், பொதுவா ஷேர்ல இன்ட்ராடே பண்ற தனிநபர்கள்லயே பத்துக்கு ஏழு பேர் 2022-23-ல நஷ்டம்னு செபியோட ஆய்வு சொல்லுது. பொதுவாவே அப்படின்னா நொடிஞ்ச கம்பெனியில எப்படின்னு நீயே கணக்குப் போட்டுக்கோ.

ஏற்கெனவே உள்ளே இருந்தா

ஆவரேஜ் பண்ணாதே. 10 ரூபாய்க்கு 1,000 ஷேர் இருக்கு, 6 ரூபாய்க்கு வந்ததும் இன்னொரு 1,000 வாங்கினா சராசரி 8-ன்னு ஆப் அழகா காட்டும். மாட்டின பணம் 10,000-ல இருந்து 16,000 ஆனதையும் சேர்த்துப் பாரு. போட்ட பணம் வர்றதுக்கே விலை மூணுல ஒரு பங்கு ஏறணும்.

ஏதாவது செய்தியில அப்பர் சர்க்யூட் அடிக்கிற நாள்தான் உன் நாள். வாங்க ஆள் வரிசையில நிக்கிறாங்க, கொடுத்துட்டு வா. பெரும்பாலானவங்க அன்னைக்குத்தான், "ஆஹா, திரும்ப ஏறுது"ன்னு விக்காம விட்டுடறாங்க. தீர்ப்பு, கடன்காரர் கூட்டம், ரிசர்வ் பேங்க் முடிவுன்னு தேதி தெரிஞ்சிருந்தா அதுக்கு முந்தின நாளே கையில ஒண்ணும் இல்லாம இரு.

வரிக் கணக்கையும் மறக்காதே. ஒரு வருஷத்துக்குள்ள வித்த லாபத்துக்கு, 2024 ஜூலை 23-ல இருந்து 20 சதவீதம் வரி. அப்படி வித்த நஷ்டத்தை வேற ஷேர்ல வந்த லாபத்துல கழிச்சுக்கலாம். மிச்சத்தை எட்டு வருஷம் வரைக்கும் கொண்டு போகலாம், கெடு தேதிக்குள்ள ரிட்டர்ன் போட்டிருக்கணும். இன்ட்ராடே நஷ்டம் ஊக வணிகக் கணக்கு, அந்த வகை லாபத்துலதான் கழியும், நாலு வருஷம்தான் போகும். இதெல்லாம் வித்தாத்தான். டிரேடிங் நின்னுபோன ஷேரை விக்க முடியாது, விக்காத நஷ்டத்தைக் கணக்குல காட்டுறது பெரும்பாடு. எங்க ஆபீஸுக்கு வர்ற ஒரு அண்ணனோட டீமேட்ல அப்படி ஒரு கம்பெனி இன்னமும் உட்கார்ந்திருக்கு. எண்ணிக்கை 4,000, மதிப்பு இருக்க வேண்டிய இடத்துல ஒரு கோடு. வருஷப் பராமரிப்புக் கட்டணம் மட்டும் தவறாம பிடிக்கிறாங்க. அதனால நாலு ரூபாய் கிடைச்சாலும் கிடைக்கிற நாள்ல வித்துடு. மார்ச் 31-க்கு முன்னாடி முடிஞ்சா இன்னும் நல்லது.

நகையை வெச்சோ, பர்சனல் லோன் எடுத்தோ, மாமியார்கிட்ட கைமாத்து வாங்கியோ இதுல போடக் கூடாதுங்கிறதை நான் தனியா சொல்ல வேண்டியதில்லன்னு நினைக்கிறேன். சொல்ல வேண்டியிருக்கு, ஸ்டேட்மென்ட்டுல பார்க்கிறேனே.

அடுத்த தடவை கை துறுதுறுங்குதுன்னா வாங்குற பட்டனுக்கு முன்னாடி அந்த மார்க்கெட் டெப்த் கட்டத்தைத் திற. இடது பக்கம் எத்தனை பேர், எவ்வளவு வாங்க நிக்கிறாங்கன்னு மூணு நாள் தொடர்ந்து பாரு. எக்ஸ்சேஞ்ச் தளத்துல கடைசி ஆறு மாச அறிவிப்பைப் படி. அத்தனையும் பார்த்த பிறகும் வாங்கத்தான் போறேன்னா, ஆர்டர் போடாம எனக்கு ஒரு போன் போடு. ஆபீஸ் நேரமா இருந்தாலும் பரவாயில்ல, எடுப்பேன்.